‘கடவுச்சொல்லை அழிக்கவும்’: ஒரு மின்னஞ்சல் கையேட்டைத் திருத்திய கதை

தீபாவளிக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. பள்ளத்தூரிலிருந்து ஆச்சி போன் செய்தார். கைமுறுக்கு, மனகோலம், சீப்புச்சீடை, அதிரசம் என்று வீட்டிலேயே பலகாரம் போட்டு அனுப்புகிறவர். உள்ளூர் ஆர்டரெல்லாம் வாய்வார்த்தைதான். சிங்கப்பூர், பினாங்கு ஆர்டர்கள் மட்டும் மின்னஞ்சலில் வரும். எத்தனை கிலோ, எந்த முகவரி, எந்தத் தேதிக்குள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும் என்பதில் அவர் கண்டிப்பு. சிங்கப்பூரில் இருக்கும் மகள் முதல்நாள்தான் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, புதியதைப் போனில் சொல்லியிருக்கிறார். வீட்டுக் கணினியில் இருக்கும் மின்னஞ்சல் நிரலுக்கு அது தெரியாதே, கேட்கிறது. நான் அச்சடித்துக் கொடுத்திருந்த தாளை வைத்துக்கொண்டு ஆச்சி காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

“தாள்ல போட்டிருக்குறபடிதான் தம்பி செஞ்சேன். பெட்டி காலியா இருக்கு. காலிப் பெட்டியில எதை அழிக்கிறது? அதனால எழுதிட்டு அழிச்சேன். மறுபடி மறுபடி கேக்குது. ஏழெட்டுத் தரம் பண்ணியாச்சு.”

“எதுக்கு ஆச்சி அழிச்சீங்க?”

“நீங்கதானே அழிக்கச் சொல்லியிருக்கீங்க. ஏதோ பாதுகாப்புக்காக இருக்கும்னு நெனச்சேன்.”

தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஓரத்தில் மாவு படிந்த கட்டைவிரல் ரேகை. ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் நீலப் பேனாவில் ஒரு டிக். ஐந்தாவது படிக்கு மட்டும் மூன்று டிக். அங்கே இப்படி இருந்தது: “திறக்கும் பெட்டியில் புதிய கடவுச்சொல்லை அழிக்கவும், பிறகு ‘சரி’ பொத்தானை அழுத்தவும்.” அளிக்கவும் என்று இருந்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதியவன் நான்.

போனிலேயே சொல்லிச் சரிசெய்ய இரண்டு நிமிடம் ஆனது. ஆனால் அதற்குள் ஒரு முழுநாள் போயிருந்தது, பினாங்கு ஆர்டர் ஒன்றும் அதில் மாட்டியிருந்தது. அதன்பிறகு நாங்கள் அந்தக் கையேட்டை என்ன செய்தோம், எங்கே தப்புச் செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் என்றால் காரைக்குடியில் மூன்று பேர். செக்காலையில் சின்னதாக ஒரு கணினி மையம் வைத்திருக்கும் நான். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஊரில் எல்லோருக்கும் புலவர் ஐயா. பொறியியல் படிக்கும் மாணவி ஒருத்தி. மின்னஞ்சல் நிரல் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள். அதன் பயனர் கையேட்டுக்கு மூலம் ஆங்கிலத்தில். அதைப் பத்தி பத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பத்தியின் கீழும் தமிழை எழுதிக்கொள்ள, கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு ஏற்பாட்டின் பிஓ கோப்பு இருக்கிறது. பிஓ4ஏ என்ற கருவி இரண்டையும் சேர்த்துத் தமிழ்க் கையேட்டை உருவாக்கித் தரும். இந்த ஏற்பாட்டைப் பின்னால் மறுபடி எடுக்கவேண்டியிருக்கும். எங்கள் பெரிய அடி அங்கேதான் விழுந்தது.

காதில் பிறந்த பிழை

முதலில் நான் தட்டச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். விரல் வழுக்கியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் பயன்படுத்துவது 1999-ல் சென்னைத் தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை. அதில் ள மேல்வரிசையின் நடுவில். ழ கீழ்வரிசையில் வலதுகோடியில். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றில் விரல் பட வாய்ப்பே இல்லை. அப்படியானால் தப்பு விரலில் இல்லை, காதில். எங்கள் பக்கம் பேச்சில் ழகரம் அனேகமாக ளகரம்தான். வாளப்பளம், மளை, கெளவி. மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வேகமாக எழுதும்போது, ‘அளிக்கவும்’ என்ற ஒலிக்கு எந்த எழுத்து என்று கை ஒருகணம் தடுமாறி, பேச்சைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு ழ போட்டுவிட்டது. தப்பாகப் பேசுகிறோம் என்று தெரிந்தவன் எழுத்தில் கூடுதலாகத் திருத்திக்கொள்வதால் வருகிற தப்பு இது.

எழுத்துப்பிழை திருத்தி இதைப் பிடிக்காது. அழிக்கவும் அகராதியில் இருக்கிற சொல். அதே கையேட்டில் வேண்டாத அஞ்சல்களை நீக்கும் அத்தியாயத்தில் அது நியாயமாகவே பலமுறை வருகிறது. சிவப்புக் கோடு விழாத பிழைக்குத்தான் பயப்படவேண்டும் என்பதை அன்றைக்குப் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்ட கையோடு அடுத்த தப்பையும் செய்தேன்.

அன்று இரவே கோப்பைத் திறந்து, கண்டுபிடி-மாற்று கட்டளையில் அழிக்கவும் என்பதை அளிக்கவும் என்று கோப்பு முழுக்க மாற்றிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் மாணவி போனில் சிரிக்கிறாள். “அண்ணே, ஒன்பதாவது அத்தியாயத்தைப் படிச்சீங்களா? ‘எரிதங்களை உடனுக்குடன் அளிக்கவும்.’ யாருக்குண்ணே அளிக்கணும்?” எரிதம் என்பது ஸ்பேமுக்கு நாங்கள் பயன்படுத்தும் சொல். நல்லவேளை, அது என் கணினியைத் தாண்டிப் போகவில்லை. சொல்லைத் தேடலாம், மாற்றுவது ஒவ்வொன்றாக, சுற்றியிருக்கும் வாக்கியத்தைப் படித்துவிட்டுத்தான் என்று அன்றைக்கே முடிவானது.

சிவப்பு மையும் அது தொடாத வரியும்

புலவர் ஐயாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது: “ஏம்ப்பா, தமிழ்த்தாய்க்குக் கோயில் கட்டியிருக்கிற ஊர்ல இருந்துக்கிட்டு ழகரத்துல கோட்டை விடலாமா?” கம்பன் மணிமண்டபத்தில் இருக்கும் தமிழ்த்தாய் கோயிலைச் சொல்கிறார். 1939-லிருந்து கம்பன் விழா நடக்கிற ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம். முழுக் கையேட்டையும் அச்சடித்துக் கொடுத்தேன். பத்து நாளில் திருப்பிக் கொடுத்தார். பக்கமெல்லாம் சிவப்பு.

பெரும்பாலும் நியாயமான திருத்தங்கள். வல்லினம் மிகவேண்டிய இடத்தில் மிகவில்லை, மிகக்கூடாத இடத்தில் மிகுந்திருந்தது. பெறுநர் என்பது இரண்டு இடத்தில் பெருநர் ஆகியிருந்தது. மறுமொழி ஓரிடத்தில் மருமொழி. இவையெல்லாம் அப்படியே ஏற்றோம்.

சண்டை வந்தது ‘அனுப்புனர்’ என்ற சொல்லில். அனுப்புநர்தான் சரி. பெறுநர், ஓட்டுநர், இயக்குநர் எல்லாம் நர் விகுதி பெற்றவை, இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஐயா கையேடு முழுக்க அதைத் திருத்தியிருந்தார். ஆனால் நிரலின் திரையில், அஞ்சல் பட்டியலின் மேலே, நெடுவரிசைத் தலைப்பு ‘அனுப்புனர்’ என்றுதான் இருக்கிறது. அதை மொழிபெயர்த்தவர் வேறொருவர், எப்போதோ எழுதியது. கையேட்டில் “‘அனுப்புநர்’ என்ற தலைப்பைச் சொடுக்கவும்” என்று எழுதினால், பழகியவருக்கு ஒன்றுமில்லை. எழுத்துக்கூட்டிப் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர் திரையில் அந்தச் சொல்லைத் தேடுவார். கையேட்டின் தேடுபெட்டியில் திரையில் உள்ளபடி தட்டினாலும் எதுவும் அகப்படாது.

“தப்பைத் தெரிஞ்சே எழுதச் சொல்றியா?” என்றார் ஐயா.

“இல்லைங்கையா. திரையில என்ன எழுதியிருக்குன்னு சொல்ற இடத்துல மட்டும், திரையில இருக்கிறபடி. மத்த இடத்துல எல்லாம் நீங்க சொல்றபடி.”

அவர் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் விட்டுக்கொடுத்தார். மேற்கோள் குறிக்குள் வரும் பொத்தான், பட்டியல், பெட்டிப் பெயர்களைக் கையேட்டில் தொடுவதில்லை. அவை தப்பாக இருந்தால் நிரலின் மொழிபெயர்ப்புக்குத் தனியாகத் திருத்தம் அனுப்பி, அது ஏற்கப்பட்டு வெளியான பிறகுதான் கையேட்டில் மாற்றவேண்டும். அந்தத் தலைப்புத் திருத்தத்தை அனுப்பியவர் ஐயாதான். ஏற்கப்பட்டுவிட்டது. அடுத்த வெளியீட்டில் வரும்.

இத்தனை சிவப்பு மையும் தொடாமல் விட்ட வரி ஒன்று இருந்தது. இலக்கணம் சுத்தம், சந்தி சுத்தம், எழுத்து சுத்தம். மாணவி பழைய மடிக்கணினி ஒன்றில் சோதனைக்கென்று ஒரு புதுக் கணக்கைத் தொடங்கி, கையேட்டை முதல் பக்கத்திலிருந்து சொன்னபடி செய்துகொண்டே வந்தாள். பாப்3 முறையில் அஞ்சலை இறக்கும் பகுதியில் நின்றுவிட்டாள். “‘சர்வரில் அஞ்சல்களை விட்டுவை’ என்ற பெட்டியில் குறி இருந்தால் எடுத்துவிடவும். அப்போதுதான் அஞ்சல்கள் பாதுகாப்பாக இருக்கும்” என்கிறது கையேடு. அவள் குறியை எடுத்தாள், அஞ்சலை இறக்கினாள். போனில் அதே கணக்கைத் திறந்து பார்த்தால் உள்பெட்டி வெறிச்சென்று இருந்தது.

பாப்3 நெறிமுறையின் இப்போதைய வரையறை, 1996-ல் வந்த ஆர்எஃப்சி 1939 என்ற எண்ணுள்ள இணையத் தரநிலை ஆவணத்தில் இருக்கிறது. ஒரே கணினியில் அஞ்சலை இறக்கி வைத்துக்கொள்ளும் காலத்துக்கான ஏற்பாடு. இறக்கி முடித்ததும் நிரல் ஒவ்வொரு அஞ்சலையும் நீக்கலாம் என்று சர்வருக்குக் குறித்துச் சொல்லும். விடைபெறும் கட்டளையை அனுப்பியதும்தான் சர்வர் உண்மையில் நீக்கும். விட்டுவை என்று குறி இருந்தால் நிரல் நீக்கச் சொல்லாது. ஆக, கையேடு சொன்னது நேர் எதிர். இது எப்படி வந்தது என்று பழைய பதிப்புகளைத் தோண்டினோம். முன்பு அந்தப் பெட்டியின் பெயர் ‘இறக்கியபின் சர்வரிலிருந்து நீக்கு’ என்று இருந்திருக்கிறது. அதில் குறியை எடுக்கச் சொன்னது சரிதான். நிரலில் பெட்டியின் பெயரைத் தலைகீழாக மாற்றியபோது கையேட்டில் பெயரை மட்டும் மாற்றி, வினையை மாற்ற மறந்துவிட்டார்கள். ஆங்கிலத்திலும் அதே தப்பு. நாங்கள் அதை விசுவாசமாக மொழிபெயர்த்திருந்தோம்.

ஆத்தங்குடிப் பூக்கல்லை (தரையில் பதிக்கும் வண்ணக் கல்) கண்ணாடியின் மேல் கவிழ்த்துத்தான் வார்ப்பார்கள். வண்ணக் கலவை முதலில், அதன்மேல் மணலும் சிமெண்டும். முகம் கீழே இருக்கும். எடுத்துத் திருப்பும்வரை பூ சரியாக விழுந்திருக்கிறதா என்று தெரியாது. இந்த வரியும் அப்படித்தான் இருந்தது. படித்துக்கொண்டே இருந்தால் ஆயுசுக்கும் தெரியாது. செய்து பார்க்கவேண்டும்.

எண்கள்

அதேபோல இன்னொன்று, வெளியே அனுப்பும் சர்வருக்கான அமைப்பு. கையேட்டு அட்டவணையில் போர்ட் 587, பாதுகாப்பு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்று இருந்தது. போர்ட் என்பது சர்வரின் வாசல் எண், எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் ஒரு மறைகுறியாக்க முறை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் செல்லுபடியாகிற மதிப்புகள். சேர்த்துப் போட்டால் வேலை செய்யாது. 587-ல் பேச்சு முதலில் மறைக்கப்படாமல் தொடங்கும், பிறகு ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளையால் மறைகுறியாக்கத்துக்கு மாறும். தொடக்கத்திலிருந்தே மறைகுறியாக்கம் வேண்டுமானால் 465. ஜனவரி 2018-ல் வந்த ஆர்எஃப்சி 8314 இந்த இரண்டாவது முறையைப் பரிந்துரைத்தது. யாரோ அதைப் படித்துவிட்டு அட்டவணையில் பாதுகாப்பு என்ற கட்டத்தை மட்டும் புதுப்பித்து, போர்ட் எண்ணை அப்படியே விட்டிருக்கிறார்கள். பாதித் திருத்தம். பழையபடியே விட்டிருந்தால் அட்டவணை வேலையாவது செய்திருக்கும்.

இணைப்புக் கோப்பின் அளவும் இந்த வகைதான். ‘உங்கள் சர்வரின் வரம்பு 25 எம்பி என்றால் 25 எம்பி வரை கோப்பு இணைக்கலாம்’ என்றது கையேடு. ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், வெளியூர்க் கட்டிடக்காரருக்குப் புதுக் கற்களின் படங்களை அனுப்ப முயன்றார். மொத்தம் 20 எம்பி. திரும்பி வந்துவிட்டது. மறுபடி அனுப்பினார், மறுபடி வந்தது. “இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கு, இருபதுக்கே கதவைச் சாத்துறானே” என்றார். காரணம் எளிது. படம் போன்ற கோப்புகள் அஞ்சலில் அப்படியே போவதில்லை. பேஸ்64 என்ற முறையில் எழுத்துகளாக மாறிப் போகின்றன. மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துகள் ஆகும். 76 எழுத்துக்கு ஒருமுறை வரி முறிவு வேறு. சுமார் 37 சதவீதம் கூடும். 20 எம்பி படங்கள் 27 எம்பியைத் தாண்டிவிடும். சர்வர் தன் வரம்பை அறிவிக்கும் முறை 1995-ன் ஆர்எஃப்சி 1870-ல் இருக்கிறது. அது சொல்வது முழு அஞ்சலின் அளவை. புதுவரியில் 25 எம்பி வரம்புக்குக் கோப்பு 18 எம்பிக்குள் இருக்கட்டும் என்று எழுதினோம். ஏன் என்பதற்கு ஒரு வாக்கியம் போதும் என்று மற்ற விளக்கத்தை வெட்டினோம். எனக்கு வெட்ட மனமில்லை, ஆனால் படிக்கிறவருக்கு வேண்டியது 18 என்ற எண்.

சொல் சரி, பொருள் மூன்று

‘இணைப்பு’ என்ற சொல் எங்களை ஒரு வாரம் அலைக்கழித்தது. அட்டாச்மெண்டும் இணைப்பு, லிங்கும் இணைப்பு, சர்வரோடு இருக்கும் தொடர்பும் இணைப்பு. கையேட்டில் உண்மையாகவே இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: “இணைப்பு இல்லாதபோது இணைப்பைத் திறந்தால் அதிலுள்ள இணைப்புகள் இயங்காது.” நெட் இல்லாத நேரத்தில் இணைத்த கோப்பைத் திறந்தால் அதற்குள் இருக்கும் லிங்குகள் வேலை செய்யாது என்கிறதாம். எழுதியவர் யார் என்று கேட்காதீர்கள். கடைசியில் இணைத்த கோப்பு, லிங்க், நெட் தொடர்பு என்று மூன்றாகப் பிரித்தோம். லிங்க் என்று போட்டதற்கு ஐயா முகம் சுளித்தார். ‘இணைப்பை அழுத்தவும்’ என்று படித்துவிட்டுக் கேபிளை அழுத்திப் பார்த்த ஒருவரை நான் என் மையத்திலேயே பார்த்திருக்கிறேன் என்று சொன்னபிறகு ஒன்றும் சொல்லவில்லை.

கண்ணுக்குத் தெரியாத பிழையும் உண்டு. சொ என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஒட்டிய பக்கங்களில் கடவுச்சொல் என்பது இரண்டாவது விதமாக இருந்தது. அதனால் நாங்கள் தேடும்போதெல்லாம் அந்தப் பக்கங்கள் அகப்படாமல் நழுவிக்கொண்டே இருந்தன. மௌஸ் என்பதை மெளஸ் என்று மகரத்தின் பக்கத்தில் ளகரம் போட்டு எழுதியதும் அதே ரகம். கண்ணுக்குச் சரி, வாசித்துக் காட்டும் செயலி மட்டும் மெ-ள-ஸ் என்று கடித்துத் துப்பும். யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கம் இரண்டு குறியை ஒரே குறியாக்கி ஒகரச் சிக்கலைத் தீர்த்துவிடும். ளகரத்தைக் கையால்தான் மாற்றினோம். இதை அனுப்பியபோது, திருத்தங்களைச் சரிபார்க்கும் ஒருங்கிணைப்பாளர் குழம்பிப்போனார். பழைய வரியும் புதிய வரியும் ஒன்றேபோல் இருக்கின்றனவே, என்ன மாற்றினீர்கள் என்று எழுதினார். நியாயம்தான். இந்த வகையை மற்றத் திருத்தங்களோடு கலக்காமல், குறிப்பு எழுதித் தனிப் பேட்ச்சாக, அதாவது தனித் திருத்தக் கோப்பாக, அனுப்புவது என்று வைத்துக்கொண்டோம்.

தமிழ்க் கையேடு காணாமல் போனது

நாங்கள் பாப்3 வரியின் தப்பை ஆங்கில மூலத்துக்கும் தெரிவித்திருந்தோம். சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்கள். அந்த உற்சாகத்தில் அங்கே இன்னொரு தன்னார்வலர் ஆங்கிலக் கையேட்டை முழுக்கப் படித்து, இரட்டித்த சொற்கள், விட்டுப்போன காற்புள்ளிகள், பன்மை விகுதிகள் என்று ஏராளமான சின்னத் திருத்தங்களை ஒரே மூச்சில் போட்டார். எல்லாம் நல்ல திருத்தங்கள். அடுத்த வெளியீடு வந்தது. தமிழ்க் கையேட்டையே காணோம்.

கெட்டெக்ஸ்ட் ஏற்பாட்டில் மூலப் பத்தியில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அது வேறு பத்தி. பழைய மொழிபெயர்ப்பை அது தூக்கி எறியாது. ‘ஃபஸி’ என்று முத்திரை குத்தி, மொழிபெயர்ப்பாளர் பார்த்து உறுதிசெய்யும்வரை ஒதுக்கி வைக்கும். கையேட்டை உருவாக்கும்போது ஃபஸி பத்திக்குத் தமிழ் வராது, ஆங்கிலம்தான் வரும். அதோடு பிஓ4ஏவுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. நாம் மாற்றாதவரை 80 சதவீதம். மொழிபெயர்ப்பு அதற்குக் கீழே இறங்கினால் அந்த மொழிக் கோப்பையே அது எழுதாது. பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமான கையேடு யாருக்கும் வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான். நாங்கள் 80-க்குச் சற்று மேலே நின்றுகொண்டிருந்தோம். ஆங்கிலக் காற்புள்ளிகள் எங்களைக் கீழே தள்ளிவிட்டன.

இதில் யார்மேலும் கோபப்பட வழியில்லை. திருத்தியவருக்குத் தமிழ்க் கோப்பு என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. ஆனால் பொருள் மாறாத திருத்தத்துக்கு எல்லா மொழிக்காரர்களும் உட்கார்ந்து மறுபடி உறுதிசெய்யவேண்டும் என்பது அநியாயம். அதற்கு வழி இருக்கிறது. மூலத்தில் காற்புள்ளியைப் போடுகிறவரே, அந்தத் திருத்தத்தோடு சேர்த்து ஒவ்வொரு மொழியின் பிஓ கோப்பிலும் இருக்கும் மூல வாசகத்தையும் அதேமாதிரி மாற்றிவிட்டால், கருவிக்கு அது பழைய பத்தியாகவே தெரியும், மொழிபெயர்ப்பு நகராது. பொருள் மாறும் திருத்தத்துக்கு இப்படிச் செய்யவே கூடாது. அங்கே ஃபஸி முத்திரை விழுந்தாகவேண்டும். பாப்3 வரிக்கு அது விழாமல் போயிருந்தால், ஆங்கிலம் திருந்தியும் மற்ற மொழிகளில் அஞ்சல்கள் அழிந்துகொண்டே இருந்திருக்கும். ஆகவே திருத்துகிறவர் ஒவ்வொன்றிலும் பொருள் மாறுகிறதா இல்லையா என்று தன் கையெழுத்தில் சொல்லவேண்டும். ஒரே மூச்சில் ஒரே பேட்ச்சாகப் போட்டால் அது முடியாது.

எங்கள் ஐயா, அப்பாவைப் பெற்றவர், ரங்கூன் போய்வந்த ஒரு மார்க்காவில் (வணிக நிறுவனத்தில்) கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஐந்தொகை கட்டும்போது காலணா இடித்தாலும் படுக்கமாட்டாராம். இடிக்கிற காலணாவைப் பற்றில் சேர்த்துச் சரிக்கட்டுவது ஐந்து நிமிட வேலை. எந்தப் பேரேட்டில் எந்த வரியில் நழுவியது என்று தேடுவது ராத்திரி முழுக்க ஆகும். இரண்டாவதைத்தான் செய்வாராம். நாங்கள் மூன்று பேரும் நான்கு மாலைகள் உட்கார்ந்து ஃபஸி பத்திகளை ஒவ்வொன்றாகப் பழைய மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். மொத்தமாக முத்திரையை நீக்கும் கட்டளை இருக்கிறது, ஒரு நொடியில் முடிந்திருக்கும். ஒப்பிட்டதில்தான், காற்புள்ளிகளுக்கு நடுவே பொருள் மாறிய ஒரு வரி தெரிந்தது. குப்பைத்தொட்டியைத் தானாகக் காலிசெய்யும் வசதி தொடக்கத்தில் இயங்காது என்று சொல்லியிருந்ததை, இயங்கும் என்று திருத்தியிருந்தார்கள். நிரலைத் திறந்து பார்த்தோம். இயங்கத்தான் செய்கிறது.

பிழைகளை எழுதிவைக்க ஒரு நீளநோட்டு போட்டிருந்தோம். முதலில் எழுத்துப்பிழை, சந்திப்பிழை, தகவல்பிழை என்று பத்தி பிரித்தேன். பாதியில் அதை அடித்துவிட்டேன். அழிக்கவும் எழுத்துப்பிழைதான், அது ஒரு நாளைத் தின்றது. முன்னுரையில் தகவல்பிழை ஒன்று இருந்தது, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரே கேள்வியை வைத்து வரிசைப்படுத்தினோம்: இந்த வரியைப் படித்தவுடன் படிக்கிறவர் கை எதையாவது செய்யுமா? செய்யும் என்றால் அது முதலில். செய்யச் சொல்லும் வினைமுற்று இருக்கும் வரிகள், எண்கள், பொத்தான் பெயர்கள் எல்லாம் மேலே வந்தன. வல்லினம் மிகுவதெல்லாம் கீழே போனது. புலவர் ஐயாவுக்கு இந்த வரிசையில் இன்னமும் உடன்பாடு இல்லை.

தை பிறந்து திருத்திய பக்கங்களை அச்சடித்து எடுத்துக்கொண்டு பள்ளத்தூர் போனேன். ஆச்சி பட்டாலையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஐந்தாவது படியைத்தான் முதலில் பார்த்தார். சரி என்று தலையாட்டினார். அப்புறம் நாலைந்து பக்கம் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“தம்பி, இதுல குப்பைன்னு ரெண்டு இருக்கே. எதைக் கொட்டுறது?”

எழுந்துபோய்க் கணினியில் பார்த்தேன். இடப்பக்கப் பட்டியலில் எரிதம் போய்ச்சேரும் உறைக்கு (ஃபோல்டருக்கு) பெயர் ‘குப்பை’. நீக்கிய அஞ்சல் போய்ச்சேரும் உறைக்குப் பெயர் ‘குப்பைத்தொட்டி’. கையேட்டில் பல இடங்களில் இரண்டும் வெறும் குப்பை. மூன்று பேர், இத்தனை மாலைகள், ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஆச்சி அதற்குள் தன் பழைய தாளில் தனக்கென்று எழுதி வைத்திருந்ததைக் காட்டினார். ஒன்றுக்குப் பக்கத்தில் ‘தானா வந்த குப்பை’. இன்னொன்றுக்குப் பக்கத்தில் ‘நாம போட்ட குப்பை’. முதலாவதில் சிங்கப்பூர் ஆர்டர் ஒன்று தவறிப்போய் விழுந்து கிடந்ததாம். அன்றிலிருந்து அந்த உறையை மட்டும் கொட்டுவதற்குமுன் பார்ப்பாராம்.

உறைப் பெயர் நிரலின் திரையில் இருப்பது. எங்கள் விதிப்படி கையேட்டில் வேறு பெயர் வைக்கமுடியாது, நிரலுக்குத்தான் திருத்தம் அனுப்பவேண்டும். முதல் உறைக்கு எரிதம் என்று போடலாம் என்கிறார் ஐயா. எரிதம் என்றால் யாருக்குப் புரியும் என்கிறாள் மாணவி. திருத்த விண்ணப்பத்தை அனுப்பிவிட்டோம், சொல் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஆச்சி எழுதிய இரண்டையும் அந்த விண்ணப்பத்தின் கீழே குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன்.